விடுமுறைக்கு ஒரு மர்ம நாவல்



காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை, அடுத்து தீபாவளி. வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பட்டறைகளும் படகுகளும் சற்று ஓய்வெடுக்கும் நேரம். இந்த ஓய்வுக்கு ஏற்ற துணை, மர்ம நாவல்!

தமிழில் துப்பறியும் கதைக்கு நூறு வயதுக்கு மேல். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் போட்ட பாதை அது. பிறகு வந்தார்கள், தேவனின் துப்பறியும் சாம்புவும் தமிழ்வாணனின் சங்கர்லாலும். சாம்புவுக்குக் கைகொடுப்பது குருட்டு அதிர்ஷ்டம். சங்கர்லாலுக்கோ கூர்மையான மூளையும் சூடான தேநீரும்!

சுஜாதாவின் வக்கீல்கள் கணேஷ், வசந்த் வாதாடிக்கொண்டே துப்பறிவார்கள். 'கொலையுதிர் காலம்' படித்தால், நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானமா என்று கடைசிவரை மண்டை குடையும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா ஜோடியும், சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி ஜோடியும் விறுவிறுப்புக்கு உத்தரவாதம். கோவைக்காரரான ராஜேஷ்குமார் எழுதியவை 1,500 நாவல்களுக்கு மேல்! இவர்களின் மாத நாவல்கள் சட்டைப்பையில் மடித்து வைக்கும் அளவில், மலிவான சாணித்தாளில் அச்சாகி, பேருந்து நிலையக் கடைகளில் தோரணமாகத் தொங்கின. இந்த எழுத்துகளில் சில 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வழியாக ஆங்கிலத்துக்கும் போயின.

அரசு விடுமுறை நாட்களில் கிளை நூலகங்கள் மூடியிருக்கும். அதனால் முன்கூட்டியே போய் இரண்டு நாவல்களை எடுத்து வந்துவிடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: கொலையாளி யாரென்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்!