சிப் மாற்றியாச்சு என்றால் பழைய சிப் எங்கே?

பழைய பிளேஸ்டேஷன் 3-ஐ சர்வீஸுக்குக் கொடுத்து ஏமாந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு வரும், ஒரு கணம் மஞ்சள் மின்னும், மூன்று முறை பீப் சத்தம் கேட்டுச் சிவப்பு விட்டுவிட்டு எரியும். கடையில் பார்த்துவிட்டு "கிராஃபிக்ஸ் சிப் போச்சு, மாத்தணும்" என்பார்கள். சில ஆயிரம் ரூபாய் கைமாறும், மெஷினும் ஓடும். சில வாரங்களில் மறுபடி அதே மஞ்சள். திரும்பப் போனால் "இது வேற கம்ப்ளைன்ட்" என்று இன்னொரு தொகை கேட்பார்கள். பில் எங்கே, ஜாப் ஷீட் எங்கே, கழற்றிய சிப் எங்கே என்று கேட்டால், "தெரிஞ்ச கடைதான் சார், அதெல்லாம் கேக்கல" என்ற பதில்தான் வருகிறது. தெரிந்த கடையாக இருந்தாலும் ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் வந்து நியாயம் கேட்பவருக்கு உதவ நினைத்தாலும் கையில் பிடிக்க ஒன்றும் இருப்பதில்லை.

இப்படிப்பட்ட வேலைகளில் பலவற்றில் சிப் மாற்றப்படுவதே இல்லை. ஹீட் கன்னால் சூடு காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைகள் இதை 'ரீஃப்ளோ' என்று சொல்கின்றன. இது ஏன் நிற்பதில்லை என்பது கொஞ்சம் விளங்கினால் யாரும் இதற்குக் காசு கொடுக்க மாட்டார்கள்.

ஆரம்பகால பிளேஸ்டேஷன் 3-ல் இருக்கும் ஆர்.எஸ்.எக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் சிப் 90 நானோமீட்டர் தயாரிப்பு, நிறையச் சூடாகும். அதில் இரண்டு அடுக்கு சால்டர் இணைப்புகள் உண்டு. சிலிக்கான் துண்டை அதன் பச்சை அட்டையோடு பிணைப்பவை கண்ணுக்குத் தெரியாத பொடிப் புள்ளிகள். அந்த அட்டையை மதர்போர்டோடு பிணைப்பவை கீழே உள்ள சற்றுப் பெரிய குண்டுகள். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி விரிசல் விடுவது அநேகமாக மேலே உள்ள பொடிப் புள்ளிகள்தான். எக்ஸ்பாக்ஸ் 360-ல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்ததற்கும் இதுவே பெரிய காரணம். மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் அதற்கு மூன்று வருட வாரண்டி அறிவித்து, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது. அந்த வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. "கம்பெனியில் ஃப்ரீயா மாத்தித் தருவாங்க" என்று இன்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஈயம் கலக்காத சால்டர் உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். ஹீட் கன் பிடிக்கும்போது கீழுள்ள குண்டுகள் உருகுகின்றனவோ இல்லையோ, மேலே விரிசல் விட்ட புள்ளிகள் சூட்டில் அசைந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன. மெஷின் ஓடுகிறது. பல தடவை சூடேறி ஆறினால் பழையபடி விலகிவிடுகின்றன. ஒவ்வொரு தடவை சூடு காட்டும்போதும் போர்டு வளைகிறது, சிப்பின் பக்கத்திலேயே உள்ள மெமரியும் அடிவாங்குகிறது. பிற்பாடு ஒழுங்காகச் சிப் மாற்ற நினைத்தாலும் போர்டு தாங்காது. ஹீட் கன் ரிப்பேர் கிடையாது. வீடியோவைப் பார்த்துவிட்டு போர்டை வீட்டு அவனில் வைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். சாப்பாடு சமைக்கும் இடத்தில் ஃபிளக்ஸ் புகையும் பிளாஸ்டிக் புகையும் வேண்டாம்.

இன்னொன்று, மஞ்சள் மின்னினாலே சிப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் வரிசையில் நெக்-டோக்கின் என்று அழைக்கப்படும் தட்டையான கெப்பாசிட்டர்கள் வயதாகித் தளர்ந்தாலும் இதே மஞ்சள்தான் வரும். அவற்றுக்குப் பதிலாக டான்டலம் கெப்பாசிட்டர்கள் வைத்தால் சரியாகிவிடும். அதற்கு ஆகும் செலவு சிப் மாற்றுவதைவிட மிகக் குறைவு. எது பழுது என்று ஊகிக்கவும் தேவையில்லை. போர்டில் உள்ள சிஸ்கான் என்ற சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் எரர் எண்களைச் சேமித்து வைத்திருக்கிறது. விலை குறைந்த யு.எஸ்.பி சீரியல் அடாப்டர் ஒன்றை இணைத்துக் கணினியில் அதைப் படிக்கலாம். கடைக்காரரிடம் "சிஸ்கான் எரர் என்ன வந்தது, காட்டுங்க" என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் சிப் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

உண்மையிலேயே நல்ல மேம்பாடு ஒன்று இருக்கிறது. 90 நானோமீட்டர் சிப்பை எடுத்துவிட்டு, பிந்தைய மாடல்களில் வந்த 65 அல்லது 40 நானோமீட்டர் ஆர்.எஸ்.எக்ஸை அதே இடத்தில் பொருத்துவது. சூடு குறைகிறது, மெஷின் பிழைக்கிறது. போர்டை அடியிலிருந்து முன்சூடு செய்யும் பி.ஜி.ஏ ரீவொர்க் மெஷின் வேண்டும், புதுக் குண்டுகள் வைக்கும் ஸ்டென்சில் வேண்டும். 40 நானோமீட்டர் என்றால் பற்றவைத்ததோடு வேலை முடியாது. சிஸ்கானில் உள்ள தரவையும் மாற்றினால்தான் போர்டு அந்தச் சிப்பை ஏற்கும். இதைச் சுத்தமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கும் கூலி நியாயமானது. ஆனால் என் கருத்தில் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கும் ஓடும் ஆரம்ப மாடல்களுக்கு மட்டுமே அந்தச் செலவு தகும். மற்றவற்றுக்கு, ஓடுகிற ஸ்லிம் ஒன்றைப் பழையதாக வாங்குவதே மேல்.

கொடுக்கும் முன் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து, நீலத் திருகைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் தட்டோடு வெளியே வரும். அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கேம் சேவ்கள் உங்கள் போர்டின் சாவியால் பூட்டப்பட்டவை, வேறு போர்டில் திறக்காது. டிஸ்க் டிரைவின் சர்க்யூட்டும் அந்த ஒரு போர்டோடு மட்டுமே ஜோடி. கடை உங்கள் போர்டை வைத்துக்கொண்டு வேறொன்றைப் போட்டுக்கொடுத்தால் சேவும் போகும், டிஸ்க்கும் ஓடாது. ஆகவே பின்பக்க ஸ்டிக்கரிலுள்ள மாடல் எண், சீரியல் எண் இரண்டையும் படம் எடுங்கள். உங்கள் கண்முன் திறக்கச் சொல்லி, போர்டையும், சிப்பின் மூடியில் 'சி.எக்ஸ்.டி' என்று தொடங்கும் எண்ணையும் படம் எடுங்கள்.

ஜாப் ஷீட்டில் சீரியல் எண், படித்த எரர், சம்மதித்த வேலை, எந்தச் சிப், தொகை, எத்தனை நாள் வாரண்டி ஆகியவை வேண்டும். "கழற்றிய சிப் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரப்படும்" என்ற வரியும் வேண்டும். ஹீட் கன் ஆசாமிகள் இந்த ஒரு வரிக்குத்தான் பின்வாங்குவார்கள். பணத்தைக் கடையின் யு.பி.ஐ-க்கு அனுப்புங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள். "போர்டு போனால் கடை பொறுப்பல்ல" என்று அச்சடித்துவிட்டதால் மட்டும் பொறுப்பு போய்விடாது.

பழுது திரும்பினால் மெஷினை அதே கடையில் மறுபடி விட்டுவிட்டு வராதீர்கள். வேறொரு டெக்னீஷியனிடம் திறந்து காட்டி, எழுத்தில் ஒரு அறிக்கை வாங்குங்கள். சிப் எண் முன்பு எடுத்த படத்தில் உள்ளதேதானா என்று அதில் இருக்க வேண்டும். பிறகு கடைக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றை எடுத்துவையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், சில கடைகள் அதற்கே இறங்கிவரும். ஆனால் அவர்களால் பேசிப் பார்க்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. 1915-இல் காத்திருக்கும் காலம் வழக்குப் போடும் கெடுவை நீட்டித்துத் தராது.

உத்தரவு போடுவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். வெளியூர்க் கடைக்குக் கூரியரில் அனுப்பியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னை என்றால் வடக்கா தெற்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மனுவோடு தேதிவாரி நிகழ்வுப் பட்டியல், நோட்டரி கையெழுத்துடன் பிரமாணப் பத்திரம், ஜாப் ஷீட், பில், கடிதம், இரண்டாம் டெக்னீஷியன் அறிக்கை ஆகியவை வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் படங்களையும் வைத்தால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள்.

"வக்கீல் வச்சுட்டு வாங்க" என்று கவுன்ட்டரில் சொன்னால் திரும்பிப் போகாதீர்கள். நுகர்வோர் தானே வாதாடலாம் என்று சட்டம் சொல்கிறது, அதை அந்த நாற்காலியில் இருப்பவருக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருப்பது வெட்கக்கேடு. சோதனை தேவைப்படாத வழக்கு மூன்று மாதத்தில், தேவைப்படுவது ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. நடப்பில் இழுக்கிறார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு ரைட் டு ரிப்பேர் தளம் திறந்ததே தவிர, தயாரிப்பாளர் உதிரிபாகமும் சர்க்யூட் படமும் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச்சட்டம் கொண்டுவரவில்லை. அது வந்திருந்தால் நாம் ஹீட் கன்னை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். இரண்டு வருடம், மறக்காதீர்கள். "இன்னொரு தடவை பாத்துத் தர்றேன்" என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லியே அது ஓடிவிடும்.

மணிக்கணக்கில் வாடகை வாங்கி விளையாட விடும் கேம் சென்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவைக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்பதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் கிளப்பும். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்த வாங்கிய பொருளைச் சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை, அந்த வாதத்தை நீங்களும் வைக்கலாம். ஆள் வைக்காமல் நீங்களே கடையில் உட்காருகிறீர்கள், இதுதான் குடும்ப வருமானம் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதி, பிரமாணப் பத்திரத்திலும் அதே சொற்களில் எழுதிவிடுங்கள்.