ஊசி போடும் அக்கா பூச்சாண்டி அல்ல!

"சாப்பிடலேன்னா நர்ஸக்காகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன், பாத்துக்கோ!"

இந்த வசனம் கேட்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? முன்பு பூச்சாண்டி, பிறகு போலீஸ்காரர், அப்புறம் நாங்கள்! முப்பது வருஷம் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சோறு ஊட்ட, தூங்க வைக்க, அடத்தை நிறுத்த, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் இழுப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒரு நாலு வயதுக் குழந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காதில் சீழ் வடிந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தலையணை உறையில் கறையைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது. "ஏன் கண்ணு சொல்லலே?" என்றால், "சொன்னா ஊசி போடுவாங்களே" என்கிறது! காது சவ்வில் ஓட்டை. மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

பயமுறுத்தி வளர்த்த குழந்தை சமர்த்தாகிவிடுவதில்லை, சகோதரிகளே. வலியை மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். அரசு அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு ஊசியின் முதல் பூஸ்டர். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் அது காப்பு. அடுத்த பூஸ்டர் 5 முதல் 6 வயதுக்குள். நடுவில் ஏறக்குறைய மூன்று வருஷம் அந்த அட்டவணையில் ஊசியே கிடையாது! கைக்குழந்தையில் போட்ட ஊசியெல்லாம் பிள்ளைக்கு நினைவிருக்காது. நீங்கள் காட்டும் பூச்சாண்டிதான் மனசில் நிற்கும்.

அந்த மூன்று வருஷத்தை நழுவ விடாதீர்கள். 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறார்கள். அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள். 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஒன்று வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. வலியே இல்லாத இந்தச் சந்திப்புகளுக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். "அக்கா பேரு என்னன்னு கேளு" என்று பேச விடுங்கள். பழகின முகத்திடம் பயம் பாதி குறைந்துவிடும்.

வீட்டிலும் விளையாட்டாகப் பழக்கலாம். ஒரு கொட்டாங்கச்சியில் கயிற்றைக் கட்டினால் ஸ்டெதாஸ்கோப் தயார்! குழந்தைதான் டாக்டர், நீங்கள் நோயாளி. டார்ச் அடித்து "ஆ... காட்டு" என்று அது அதிகாரம் பண்ணட்டும். பிறகு பொம்மைக்கு வைத்தியம். கடைசியாகக் குழந்தையின் முறை.

ஊசி போடும் நாள் வந்ததா? ஒரு வாரம் முன்பே சொல்லிக் கலங்கடிக்க வேண்டாம். "கடைக்குப் போறோம்" என்று ஏமாற்றியும் கூட்டி வர வேண்டாம். அன்று காலையில் சொன்னால் போதும். "வலிக்கவே வலிக்காது" என்பதும் பொய்தானே? ஒரு தடவை ஏமாந்த குழந்தை அடுத்த தடவை உங்களை நம்பாது. "சுருக்குன்னு இருக்கும். பத்து எண்றதுக்குள்ளே முடிஞ்சிடும். அம்மா பக்கத்திலேயே இருப்பேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதுதான் பிள்ளைகளை அதிகம் மிரள வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரையும் இதையொட்டியதுதான்: 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தையை நிமிர்ந்து உட்கார வையுங்கள், தாயோ தகப்பனோ கூடவே இருக்கட்டும், பேச்சாலும் விளையாட்டாலும் கவனத்தைத் திருப்புங்கள். மடியில் அணைத்துக்கொண்டு சோப்பு நுரைக் குமிழ் ஊதச் சொல்லலாம். பிடித்த பாட்டைப் பாடலாம். முன்கூட்டியே வலி மருந்து கொடுக்க வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

அழுதால் அழட்டும். "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று கேலி பேசாதீர்கள். "கையை ஆட்டாம வெச்சுக்கிட்டியே, கெட்டிக்காரன்!" என்று தட்டிக் கொடுங்கள். இன்னொன்று. "நம்ம பாப்பாவுக்கு ஊசி போட்ட அக்காவை அடிச்சிடலாம்!" என்று கையை ஓங்கிச் சமாதானம் பண்ணுகிறோமே, அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். நல்லது செய்தவளை அடிக்க வேண்டும் என்றா பிள்ளைக்குச் சொல்லித் தருவது? "அக்காவுக்கு டாட்டா சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணில் நீரோடு கை அசைக்கும்!

அப்படிக் கை அசைத்த குழந்தை, நாளைக்கு எங்காவது வலித்தால் ஒளிக்காது. "அம்மா, இங்கே வலிக்குது" என்று முதலில் உங்களிடம்தான் ஓடி வரும்.