ஒரு கணினி, இரண்டு திரை, ஒரே வாங்கு

ஹோர்சன்ஸ் நகரில் மார்கழி மாதத்துச் சூரியன் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே மறைந்துவிடுகின்றது. பாடசாலை முடிந்து வரும் பிள்ளைகள் அறைக்குட் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கின்றனர். எங்கோ இருக்கும் முகமறியாத ஒருவருடன் டெனிஷிலோ ஆங்கிலத்திலோ பேசியபடி கணினியிற் கார் ஓட்டுகின்றனர். கூடத்திலே அம்மம்மா தொலைக்காட்சியின் முன் தனித்திருக்கின்றார்.

1980களின் நடுப்பகுதியிலிருந்து இந்நாட்டில் வேரூன்றிய எமது சமூகத்தில் இன்று பேரப்பிள்ளைகள் வளர்கின்றனர். அவர்களுக்கும் மூத்தோருக்கும் பொதுவான விளையாட்டு எது? “கணினியை நிறுத்து” என்று கட்டளையிடுவதற்குப் பதிலாக “நானும் ஓடுகின்றேன்” என்று பக்கத்தில் அமர இயலாதா? இயலும். அதற்கு ஒரு கணினியும் இரண்டு திரைகளும் போதும்.

இருவர் அருகருகே அமர்ந்து ஓடும் கார்ப் பந்தயம் புதியதன்று. 1984இல் வெளிவந்த ‘பிற்ஸ்ரொப் 2’ என்னும் விளையாட்டு, ஒரே திரையை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்து இருவரையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டது. 1992இல் நின்டென்டோவின் ‘சுப்பர் மரியோ கார்ட்’ இம்முறையை உலகெங்கும் வீடுகளுக்குட் கொண்டுசென்றது. எமக்கு அயலிலுள்ள பில்லுண்ட் நகரின் லெகோ நிறுவனத்தின் பெயரிலும் 1999இல் ‘லெகோ ரேசர்ஸ்’ வந்தது. அதிலும் இருவர் ஒன்றாக ஓடலாம்.

ஒரு திரையைப் பங்கிடும்போது ஒவ்வொருவருக்கும் பாதிப் படமே கிடைக்கும். கண்பார்வை குன்றிய மூத்தோருக்கு அது சிரமம். இங்குதான் இரண்டாவது திரை கைகொடுக்கின்றது. ஒரு கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளைப் பயன்படுத்தும் வசதியை ‘வின்டோஸ் 98’ அளித்தது. இன்றைய கணினிகள் பெரும்பாலானவற்றில் இது சாதாரணம்.

செய்முறை இதுதான். ஒரே அளவான இரண்டு திரைகளை அருகருகே வைத்து, ஒன்றின் தொடர்ச்சியாக மற்றதை அமைக்க வேண்டும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட இரண்டு திரைகள் சேர்ந்தால் 3840க்கு 1080 அளவுள்ள ஒரு நீண்ட திரையாகும். விளையாட்டின் சாளரத்தை இரண்டின் மீதும் விரித்து, இடம், வலம் எனப் பிரித்தால், ஆளுக்கொரு முழுத்திரை. மேல், கீழாக மட்டும் பிரிக்கும் விளையாட்டு இதற்கு உதவாது. ஒவ்வொருவர் படமும் நடுவே வெட்டுப்பட்டு இரு திரைகளிலும் சிதறும்.

‘சுப்பர்ரக்ஸ்கார்ட்’ என்னும் விளையாட்டு இலவசமானது. ஒரே கணினியிற் பலர் ஓட வழிசெய்வது. பழகிப் பார்க்க அது நன்று. ஒரே விசைப்பலகையை இருவரும் பகிரலாமெனினும், மலிவான விசைப்பலகைகள் ஒரே நேரத்தில் அழுத்தப்படும் பல விசைகளை உணரா. ஒருவருக்கேனும் தனியான ஜோய்ஸ்ரிக் இருப்பது நல்லது. ஒரே கணினி இரண்டு காட்சிகளை வரைய வேண்டியிருப்பதால் படம் தயங்கித் தயங்கி ஓடினால், காட்சித் தரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவது திரை புதியதாக இருக்க வேண்டியதில்லை; மீள்பாவனைக் கடைகளிலும் தேடிப்பார்க்கலாம்.

இணையத்தை மட்டும் நம்பும் விளையாட்டுக்கு ஆயுள் பிறர் கையில். 2014இல் வெளிவந்த ‘த குரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் இணைய வழங்கிகளை அதன் நிறுவனம் 2024 பங்குனி 31ஆம் நாள் நிறுத்தியது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஓட முடியாமற் போயிற்று. அதே 2014இல் நின்டென்டோ தனது ‘வீ’ கருவிக்கான இணைய ஆட்டத்தை நிறுத்தியபோதோ, ‘மரியோ கார்ட் வீ’யை வீட்டிலிருந்து ஒன்றாக ஆடியவர்களுக்கு இழப்பெதுவும் நேரவில்லை. வீட்டுக்குள் ஆடும் ஆட்டத்தை எவரும் வெளியிலிருந்து மூட முடியாது.

எனினும் எம்மைப் பொறுத்தவரை பெரிய ஆதாயம் மொழியே. முகமறியாதவருடன் ஆடும் பிள்ளைக்குத் தமிழ் தேவைப்படாது. பக்கத்தில் அப்பப்பா இருந்தால், “வளைவு வருகுது, மெல்லப் போ”, “இடப்பக்கம் திருப்பு” என்பன தாமாகவே வாயில் வரும். எமது ஊர்களின் மாட்டுவண்டிச் சவாரியை அவர் சொல்லத் தொடங்கினால், வேகத்தையும் வெற்றியையும் விரும்பும் பிள்ளை காதுகொடுக்கும். பாடமாகச் சொன்னால் கேளாத பிள்ளை, ஆட்டத்தின் நடுவே கேட்கும். எழுத்தும் இலக்கணமும் தமிழ்ப் பாடசாலை கற்பிக்கட்டும். பேச்சுக்கு வீடே களம்.

பிள்ளை வெல்லும், மூத்தோர் தோற்பர். அதனாற் குறைவொன்றுமில்லை. டெனிஷ் மொழியில் எமக்கு வழிகாட்டும் பிள்ளைகள், இங்கும் எமக்கு ஆசிரியராகட்டும். நேர எல்லையையும் வயதுக்கேற்ற ஆட்டத்தையும் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அது எளிது. மூடிய கதவுக்கு வெளியே நிற்பவருக்கே கடினம்.

ஊரிலே கரம் பலகையொன்று நான்கு பேரைச் சுற்றியிருத்தியது. இங்கே கணினியை அறையிலிருந்து கூடத்திற்குக் கொண்டுவருவோம். இந்தக் குளிர்காலத்தில் அதன் முன் ஒரு வாங்கைப் போட்டு, அம்மம்மாவையும் அழைப்போம்.