பியூஸ் போகவில்லை, ஆனால் பிளக் ஏன் கருகியது?

கடந்த தீபாவளிக் காலையில், பைராம் தோட்டத்துப் பாட்டி வீட்டில் பிளாஸ்டிக் கருகும் வாடை வீசியது. ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் தண்ணீர் கெட்டல், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. மாமா சுவிட்சை அடைத்து, பிளக்கைக் கழற்றினார். அதன் ஒரு முனையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தது. "உள்ளே பியூஸ் இருக்கே, அது ஏன் போகலை?" என்று அத்தை கேட்டார். பொறியியல் படிக்கும் எனக்கும் உடனே பதில் வரவில்லை. சாதனங்களின் அடியில் ஒட்டியிருந்த லேபிள்களைப் பார்த்துக் கணக்குப் போட்டேன்.

எஸ்பிஎம் இயற்பியலில் நாம் படிக்கும் சூத்திரங்கள்தான் இவை. மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம். மலேசியாவில் 2008 முதல் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட்.

கெட்டல் 2200 வாட். 2200 ÷ 230 = 9.6 ஆம்பியர். அதன் மின்தடை 230 ÷ 9.6, அதாவது ஏறக்குறைய 24 ஓம். இஸ்திரிப் பெட்டி 1200 வாட், 5.2 ஆம்பியர். ரைஸ் குக்கர் 700 வாட், 3 ஆம்பியர். மூன்றும் ஒரே நேரத்தில் சூடேறினால் 4100 வாட், 17.8 ஆம்பியர். பிளக்கின் அளவோ 13 ஆம்பியர்தான்.

இங்கே மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சாதனங்கள் கூடினால் மின்தடையும் கூடும் என்று நினைக்கிறோம். ஆனால் இவை பக்க இணைப்பில் இருப்பதால் மொத்த மின்தடை 12.9 ஓமாகக் குறைகிறது. அதனால்தான் மின்னோட்டம் ஏறுகிறது.

சரி, அத்தையின் கேள்விக்கு வருவோம். 13 ஆம்பியர் பியூஸ் 13-ஐத் தாண்டிய நொடியிலேயே உருகிவிடாது, 17.8 ஆம்பியரை நீண்ட நேரம் தாங்கக்கூடும். சுவர் சாக்கெட்டுகளுக்கான எம்சிபி பெரும்பாலும் 20 அல்லது 32 ஆம்பியர் என்பதால் அதுவும் விழாது. ஆர்சிசிபி மின்கசிவை மட்டுமே கவனிக்கும், அதிகச் சுமையை அல்ல.

இதற்கிடையில் பிளக் முனையில் வெப்பம் ஏறுகிறது. 1840-களில் ஜூல் காட்டியபடி, வெப்பமாக மாறும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய அளவு. பழைய சாக்கெட்டில் முனை தளர்ந்து, தொடும் இடத்தில் 0.1 ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கெட்டல் மட்டும் ஓடினால் அங்கே 9 வாட் வெப்பம். மூன்றும் ஓடினால் 17.8 × 17.8 × 0.1 = 32 வாட். மின்னோட்டம் இரு மடங்குகூட ஆகவில்லை, வெப்பமோ மூன்றரை மடங்கு! ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்னின் திறனும் ஏறக்குறைய இவ்வளவுதான். அதைப் பிளாஸ்டிக்குக்குள் செருகி வைத்தது போலத்தான் நாங்கள் இருந்திருக்கிறோம்.

இப்போது பாட்டி வீட்டில் கெட்டலும் இஸ்திரிப் பெட்டியும் தனித்தனியாகச் சுவர் சாக்கெட்டில்தான். கருகிய வயரைத் தூக்கிப் போட்டுவிட்டோம். அந்த சாக்கெட்டையும் உரிமம் பெற்ற மின்பணியாளர் மாற்றிக் கொடுத்தார்.

நண்பர்களே, இன்றே உங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் வயரில் செருகியுள்ள சாதனங்களின் வாட்டைக் கூட்டி 230-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை 13-ஐத் தாண்டினாலோ, பிளக் தொட்டால் சுட்டாலோ, பியூஸ் காப்பாற்றும் என்று காத்திருக்காமல் ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.