நீர் வடிக்கும் சவ்வும் நம் கடமையும்

செடியின் வேர் மண்ணிலிருந்து நீரை ஈர்ப்பது எங்ஙனம்? நீருக்கு வழிவிட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வின் ஊடே, நீர்த்த கரைசலிலிருந்து செறிந்த கரைசலுக்கு நீர் செல்லும். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். செறிந்த பக்கத்தில் போதிய அழுத்தம் தந்தால் நீர் எதிர்த்திசையில் திரும்பும், உப்பு பின்தங்கிவிடும். 1965ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவின் கோலிங்கா நகரம் இம்முறையால் குடிநீர் பெற்றது. இன்று அக்கருவி நம் சமையலறைச் சுவரில் தொங்குகின்றது.

அதனைப் பேணுவது எப்படி? குழாய்நீர் முதலில் வண்டல் வடிகட்டியையும், அடுத்துக் கரி வடிகட்டியையும் கடந்தே சவ்வை அடைகின்றது. வண்டல் சவ்வை அடைத்துவிடும். குளோரினோ அதனை அரித்துவிடும். கரி அந்தக் குளோரினை அகற்றும் காவலன். காவலன் தளர்ந்தபின் மாற்றாது விட்டால் சவ்வு கெடும். அப்பொழுதும் நீர் தெளிவாகவே வரும். ஆனால், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் ஓசையின்றிக் குவளையை அடையும்.

ஆகவே, மாணவர்களே, கண்ணை நம்பாதீர், அளவையை நம்புவீர். கரைந்த உப்பைக் காட்டும் சிறு மானியால் மாதம் ஒருமுறை புகுநீரையும் வடிநீரையும் அளந்து குறித்து வையுங்கள். புகுநீரில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம், வடிநீரில் 100 எனில், பத்தில் ஒன்பது பங்கு உப்பு தடுக்கப்படுகின்றது. புகுநீர் மாறாதிருக்க, அந்த 100 மெல்ல 300 ஆக உயருமாயின், சவ்வு தளர்ந்தது என்று அறிக. எனினும் இம்மானி நோய்க்கிருமியைக் காட்டாது. தொட்டியின் தூய்மையைத் தனியே பேணுதல் வேண்டும். கழிநீரையும் வீணாக்காது தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

கருவியை வாங்குவது ஒருநாட் செயல். காப்பதோ என்றுமுள்ள கடமை.