ராணி தலைமேல் நயா பைசா! தெரியுமா?

சென்னை–பம்பாய் ரயில் பாதை அரக்கோணம் வழியாக முழுசாக இணைந்தது 1871-இல். அந்த ரயிலில் போன தபால் பைகளில் விக்டோரியா மகாராணி தலை போட்ட இந்திய ஸ்டாம்புதான். ஆனால் அதற்குச் சில வருஷம் முன்புவரை சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இந்திய ஸ்டாம்பைத்தான் ஒட்டினார்கள், தெரியுமா? அந்த ஊர்களை ஆண்டது கல்கத்தா! 1867-இல் ஆட்சி நேராக லண்டன் கைக்குப் போனதும், இந்திய ஸ்டாம்பின் மேலேயே ஒரு கிரீடத்தையும் சென்ட் விலையையும் அடித்து விற்றார்கள்.

இந்த மேலச்சுதான் ஓவர்பிரிண்ட். ஒரு தேசம் கை மாறியதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சாட்சி வேறு இல்லை என்பேன்.

பர்மாவைப் பாருங்கள். 1937-இல் இந்தியாவிலிருந்து பிரிந்ததும், ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட இந்திய ஸ்டாம்பில் ‘பர்மா’ என்று அச்சு விழுந்தது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும், ராஜாவின் முகத்தின் மேலேயே தோகை விரித்த மயில்!

பாகிஸ்தானின் முதல் ஸ்டாம்பு எங்கே தயாரானது தெரியுமா? நம் நாசிக் அச்சகத்தில்! இந்திய ஸ்டாம்புகளில் ‘பாகிஸ்தான்’ என்று மேலச்சிட்டு அனுப்பினார்கள். 1947 அக்டோபர் 1 அன்று அங்கே விற்பனைக்கு வந்தன. பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில் இந்த வேலையும் நடந்திருக்கிறது!

புதுச்சேரியில் 1923 முதல் பிரெஞ்சு ஸ்டாம்பின் விலையே பணம், காசுக் கணக்கு: 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். பாரிஸ் ஹிட்லரிடம் வீழ்ந்த பிறகு அதே ஸ்டாம்புகளில் ‘சுதந்திர பிரான்ஸ்’ என்று பிரெஞ்சில் அடித்தார்கள். இன்னொருவருக்கு அடிமைப்பட்டிருந்த மண்ணில் ‘சுதந்திரம்’ என்ற அச்சு!

எல்லாவற்றையும் மிஞ்சுவது வளைகுடா. குவைத்திலும் பஹ்ரைனிலும் ஓடியது நம் ரூபாய். 1948 வரை ஒட்டியதும் ஊர்ப்பெயர் அச்சடித்த இந்திய ஸ்டாம்பு. நாம் சுதந்திரம் பெற்ற பிறகு ஸ்டாம்பு லண்டனிலிருந்து வந்தது, விலை மட்டும் அணாவில்! 1957-இல் நாம் அணாவை விட்டு நயா பைசாவுக்கு மாறினோமா, அங்கே எலிசபெத் ராணி தலைமேலும் நயா பைசா விழுந்தது! நம்மை ஆண்ட முடியின் மேல் நம் காசு! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

நமக்கோ ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் மூன்று மாதம் ராஜா தலைதான். 1947 நவம்பர் 21 அன்றுதான் மூவர்ணக் கொடி பறக்கும் மூன்றரை அணா ஸ்டாம்பு வந்தது; மூலையில் நாகரியில் ‘ஜெய் ஹிந்த்’. அது வெளிநாட்டுக் கடிதத்துக்கான கட்டணம். விடுதலைச் சேதி முதலில் உலகத்துக்குப் போகட்டும் என்பதுபோல! உள்நாட்டுக் கடிதத்துக்கான ஒன்றரை அணா அசோகச் சிங்கங்கள் டிசம்பர் 15 அன்று வந்தன.

பிறகு ஸ்டாம்பில் நம்மவர் முகங்கள். அரக்கோணத்துக்குப் பக்கத்துத் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1967-இல் வந்தார். அந்தத் திருத்தணி 1960-இல் தமிழ் மாநிலத்தோடு சேரப் போராடிய ம.பொ.சி.யும் 2006-இல் வந்தார்.

அரக்கோணத்தின் பழைய ரயில்வே குடும்பங்களே, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ரங்கூன், பினாங்குக் கடிதம் இருந்தால் ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிடாதீர்கள். எந்த ஊர், எந்த நாள் என்று சொல்லும் கறுப்பு முத்திரையில் பாதி உறையில்தான் இருக்கிறது. உறையோடு அப்படியே வையுங்கள்.