பெயருக்குக் காத்திருந்த செதில்கால் நத்தை

இந்தியப் பெருங்கடலின் நடுவே, ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழத்தில், காய்ரெய் என்னும் வெந்நீர் ஊற்றுத் திடல் இருக்கிறது. 2001இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று அங்கே ஒரு விசித்திரமான நத்தையைக் கண்டெடுத்தது. அதன் பாதத்தின் பக்கங்களை நாட்டோட்டுக் கூரை போல அடுக்கடுக்கான செதில்கள் மூடியிருந்தன. செதில்களிலும் மேல் ஓட்டிலும் இரும்பு சல்பைடு படிந்து கறுத்திருந்தது. உடற்கவசத்தில் இரும்பு சல்பைடைக் கொண்ட வேறு விலங்கு எதுவும் இன்று உயிரோடு இருப்பதாகத் தெரியவில்லை. 2003இல் ‘சயன்ஸ்’ இதழில் இந்தச் செய்தி வெளியானதும் உலகமே வியந்தது. ஆனால் அந்த நத்தைக்கு முறையான அறிவியல் பெயர் 2015இல்தான் கிடைத்தது. அதுவரை ஆய்வாளர்கள் அதைப் பெரும்பாலும் ‘செதில்கால் நத்தை’ என்று குறிப்பிட்டு வந்தார்கள்.

புதிதாகத் தோன்றும் ஓர் உயிரைப் புதிய சிற்றினம் என்று நிறுவுவது எளிதன்று. நத்தை என்றால் முதலில் கண்ணில் படுவது ஓடுதான். அதன் வடிவம், சுருள்களின் எண்ணிக்கை, வாயின் அகலம், மேற்பரப்பின் வரிகள் எல்லாம் அளந்து பதிவு செய்யப்படும். ஆனால் ஓட்டை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். உறவில்லாத இனங்களுக்கும் ஒரே மாதிரி ஓடு அமைவதுண்டு. ஒரே இனத்தின் ஓடு இடத்துக்கு இடம் மாறுவதும் உண்டு. அதனால் அராவும் நாக்கில் உள்ள நுண்பற்களின் வரிசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். உடலை அறுத்து உள்ளுறுப்புகளை ஆராய்கிறார்கள். டி.என்.ஏ. வரிசையை நெருங்கிய உறவினங்களோடு ஒப்பிடுகிறார்கள்.

செதில்கால் நத்தையின் கதையில் தோற்றம் ஏமாற்றும் என்பதற்கு நல்ல சான்று கிடைத்தது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சாலிட்டேர் என்ற மற்றோர் ஊற்றுத் திடலில் இதே நத்தைகளைக் கண்டார்கள். செதில்கள் இருந்தன, இரும்பு இல்லை. கறுப்புக்குப் பதில் வெளிர் நிறம். பார்த்த மாத்திரத்தில் வேறு இனம் என்றே தோன்றும். மரபணுக்களோ இரண்டும் ஒன்றே என்றன. காரணம் ஊற்று நீரில் இருந்தது: சாலிட்டேர் ஊற்றில் கரைந்த இரும்பு மிகக் குறைவு. செதிலுக்குள் ஓடும் நுண்குழல்கள் வழியே நத்தை கந்தகத்தை வெளியேற்றுகிறது, அது நீரிலுள்ள இரும்புடன் சேர்ந்து சல்பைடாகிறது என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. நிறத்தை நம்பிப் பெயரிட்டிருந்தால் ஓர் இனம் இரண்டாகியிருக்கும்.

தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரில் உள்ள லோங்ச்சி திடலிலிருந்து 2011இல் பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த மாதிரிகள் முழு ஆய்வுக்கு வழி திறந்தன. இவற்றுக்கும் வடக்கே காய்ரெய், சாலிட்டேர் நத்தைகளுக்கும் மரபணுவில் சற்று இடைவெளி உண்டு. ஆயினும் தனி இனமாகப் பிரிக்க அது போதவில்லை. உடலின் உள்ளே பார்த்தபோது வியப்பு கூடியது. உணவுக்குழல் சுரப்பி மிகப் பெரிதாக வளர்ந்து, அதனுள் பாக்டீரியாக்கள் குடியிருந்தன. ஊற்றிலிருந்து வரும் வேதிப்பொருள்களைக் கொண்டு அவையே நத்தைக்கு உணவு ஆக்கித் தருகின்றன. ஆகவே செரிமானப் பாதை சுருங்கிவிட்டது. அந்த பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் கொடுத்தாக வேண்டும் என்பதால் இதயம் பெருத்து, உடற்பருமனில் சுமார் 4 சதவீதம் அளவுக்கு இருக்கிறது.

சோங் சென், காத்ரின் லின்ஸ, ஜோனத்தன் கோப்லி, அலெக்ஸ் ராஜர்ஸ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட விவரணையில் இது ‘கிரைசோமல்லன் ஸ்குவாமிஃபெரம்’ ஆனது. இந்த ஒரே சிற்றினத்துக்காகவே ஒரு புதிய பேரினமும் உருவானது. பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி வெறும் பெயர் மட்டும் செல்லாது. மற்ற இனங்களிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லும் விவரணை வெளியாக வேண்டும். ஒரு குறிப்பிட்ட உடலை ‘வகை மாதிரி’ என்று சுட்ட வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் எவரும் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த உடலைப் பார்த்தே தீர்வு காண்பார்கள். அது கிடைத்த இடமும் பதிவாகும். செதில்கால் நத்தைக்கு அந்த இடம், முதலில் கண்டெடுத்த காய்ரெய் அல்ல, லோங்ச்சி.

பெயர் கிடைத்ததன் பயன் விரைவிலேயே தெரிந்தது. இந்த ஊற்றுகளைச் சுற்றிப் படியும் சல்பைடுகளில் செம்பும் துத்தநாகமும் தங்கமும் உண்டு. அவற்றைத் தேட ஜெர்மனி, சீனா, இந்தியா உள்ளிட்ட நாடுகள் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. 2019இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த நத்தையை அழியும் அபாயத்தில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்கத்தால் வரக்கூடிய ஆபத்துக்காக அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் விலங்கு இதுவே.